பீலிக்கு மேலே காடு வளர்ப்போம், ஆனால் பேர் போட வேண்டும்

(மாவட்ட மாதர், இளைஞர் கூட்டத்தில் எங்கள் தோட்டக் கமிட்டியின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



சம்பளமும் வீடும் காணியும் பேச வேண்டிய மேடைக்கு மர விதையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். எங்கள் கமிட்டியிலும் முதலில் அப்படித்தான் கேட்டார்கள். பதில் எங்கள் பீலியில் இருக்கிறது.

எங்கள் லயங்களுக்குத் தண்ணீர் மேல் மலையில் இருந்து வருகிறது. கண்டிப் பக்கத்து நடு மலைத் தோட்டங்களில் பல இடங்களில் நடந்ததுபோல அந்த மலையும் கைவிடப்பட்ட மலை. பெரட்டுக் களத்தில் அதன் பெயரைக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. கவ்வாத்து இல்லாமல் தேயிலை ஆள் உயரத்துக்கு மேலே போய்விட்டது. செடி செத்த இடங்களில் மானாப்புல்லும் இலுக்கும் நாயுண்ணியும் நிறைந்துவிட்டன. தை, மாசி, பங்குனியில் யாரோ போடும் ஒரு நெருப்பு அந்தப் புல்லை எரிக்கும். மழை வந்ததும் புல் மறுபடி வரும், மரம் வராது. அந்த மாதங்களில் பீலித் தண்ணீர் விரல் தடிப்புக்கு இளைத்துவிடும். விடியற்காலை நாலு மணிக்கே கேன் வைத்து வரிசை பிடிக்கிறார்கள். பிடித்து முடித்துவிட்டுத்தான் பெரட்டுக்கு ஓட வேண்டும். பிந்தினால் அரைப் பேர். ஆகவே பீலிக்கு மேலே என்ன வளர்கிறது என்பதும் சம்பளப் பிரச்சினைதான்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். மரம் வைத்தால் அடுத்த வருடமே பீலி பெருகும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மரமும் தண்ணீர் குடிக்கும். சீக்கிரம் வளர்கிறதென்று டர்பன்டைன் மரத்தை ஊற்றுக்கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பது இங்கே பலருக்குத் தெரியும். எங்களுக்கு வேண்டியது கலப்புக் காடு. இலைச்சருகு விழுந்து, மண் மிருதுவாகி, பெய்கிற மழை மேலோடு ஓடாமல் உள்ளே இறங்க வேண்டும். அதற்கு வருடக்கணக்காகும்.

சில வருடங்களுக்கு முன் அந்த மலையில் ஒரு மரநடுகை நாள் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. நிர்வாகத்தில் இருந்து வந்து, சிரமதானம் என்று சொல்லி, ஆளுக்கொரு பை விதைப்பந்து கொடுத்தார்கள். களிமண்ணும் சாணமும் உருட்டி நடுவில் விதை வைத்துக் காயவைத்த உருண்டை. ரோட்டில் நின்றபடி மேலே வீசச் சொன்னார்கள், வீசினோம். படம் எடுத்தார்கள். பணிஸும் தேத்தண்ணியும் தந்தார்கள். அன்றைக்கு யாருக்கும் பேர் இல்லை.

பிறகு போய்ப் பார்த்தோம். பாதி உருண்டைகள் புல்லின் மேல் தொங்கின, மண்ணையே தொடவில்லை. மழையில் உடைந்ததை எலி பிரித்துத் தின்றிருந்தது. முளைத்த சிலதும் வேர் இறங்க இடமில்லாமல் இரண்டு இலையோடு காய்ந்துவிட்டன. அதைவிட எங்களைச் சுட்டது வேறு ஒன்று. அன்றைக்குப் புல்லுக்குள் இறங்கிய ஒரு அக்காவைக் குளவி கொட்டியது. அவர் பல நாள் வேலைக்குப் போகவில்லை. நட்டஈடு கேட்டபோது, அது வேலை நாளே இல்லையே, செக்ரோலில் பேர் எங்கே என்று கேட்டார்கள். 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின்போது, வேலையின் காரணமாக வந்த காயத்துக்குத்தான் நட்டஈடு பற்றிப் பேசுகிறது. செக்ரோலில் பேர் இல்லாதவர் தான் வேலையில் இருந்ததாக எப்படி நிரூபிப்பார்?

விதைப்பந்தை நாங்கள் முழுக்கக் குறை சொல்லவில்லை. வெட்டையான, புல் இல்லாத மண்ணில், சரியான மழையில், தாங்கக்கூடிய விதைக்கு அது உதவலாம். மானாப்புல் மலைக்கு அது சரிவராது. வீசுவது சுலபமாக இருப்பதுதான் அதில் உள்ள பெரிய ஆபத்து. வேலை முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள்.

பிறகு நாங்களாகவே மேல் மலையின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டில் தொடங்கினோம். நாற்றுமேடை போட எங்களிடம் வசதி இல்லை. பை வேண்டும், பந்தல் வேண்டும், தினமும் தண்ணீர் வேண்டும். பிறகு மண்ணோடு கனக்கும் பைகளைச் செங்குத்தில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். விதையை நேரே மண்ணில் போட்டால் அந்தச் செலவு இல்லை. பைக்குள் வளர்ந்த கன்றுக்கு வேர் சுருண்டுபோகும், நேரே விதைத்த மரத்தின் ஆணிவேர் முதல் நாளிலிருந்தே கீழே போகும். சரிவு நிலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் நட்டமும் உண்டு. பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்களின் கணக்குப்படி, நேரடியாக விதைத்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் கன்றாக நிலைக்கிறது. எங்கள் முதல் வருடம் அதைவிட மோசம். இரண்டாம் வருடம் கொஞ்சம் தேறியது. ஏன் தேறியது என்பதைச் சொல்லத்தான் வந்தோம்.

முதல் பாடத்தைச் சொல்லித் தந்தவர்கள் எங்கள் பென்ஷன்காரர்கள். வீ.பீ. தேயிலை வருவதற்கு முன் மலையெல்லாம் விதைத் தேயிலைதானே. தேயிலை விதையைத் தண்ணீரில் கொட்டி, மூழ்கியதை எடுத்து, மிதந்ததைத் தள்ளிய காலத்தை அவர்கள் தங்கள் பெற்றோர் வாயால் கேட்டிருக்கிறார்கள். தேயிலை விதையைக் காயவிட்டால் செத்துப்போகும், ஈரத்தோடு வைத்துச் சீக்கிரம் போட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நாங்கள் முதல் வருடம் செய்த பிழை அதுதான். நாவல் விதையையும் நாகமர விதையையும் நெல்லைப்போல வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டி, நல்ல நாள் பார்த்து இரண்டு மாதம் கழித்துப் போட்டோம். ஒன்றும் முளைக்கவில்லை.

விதையில் இரண்டு சாதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாகை, கொன்றை, புளி போன்றவற்றின் விதை காய்ந்தாலும் உறங்கிக் கிடக்கும். அடுத்த வருடத்துக்கும் வைக்கலாம். தோல் கடினமானதால் ஒரு பக்கம் கல்லில் உரசியோ, கொதித்து இறக்கிய சுடுநீரில் போட்டு ஆறும்வரை விட்டோதான் அதை எழுப்ப வேண்டும். நாவல், இலுப்பை, பலா, மா, ஹொர போன்றவற்றின் விதை உயிர்ப்பிள்ளை மாதிரி. விழுந்தவுடன் பொறுக்கி, சதையைக் கழுவி, ஈரச் சாக்கில் நிழலில் வைத்து, சில நாட்களுக்குள் மண்ணுக்குள் கொடுத்துவிட வேண்டும். மழைக்காடுகளின் பெரிய மரங்களில் அனேகம் இந்த இரண்டாம் சாதி. ஆகவே நமக்கு வசதியான நாளில் விதைக்கிற கதை நடக்காது. மரம் காய் உதிர்க்கிற நாளைத்தான் பார்க்க வேண்டும். எந்த மரம் எந்த மாதம் உதிர்க்கும், எந்த ஓடைக்கரையில் தாய் மரம் நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆபீசில் இருப்பவருக்குத் தெரியாது. விறகுக்குப் போகும் பெண்களுக்கும் மாடு மேய்க்கும் பையன்களுக்கும் தெரியும். நாங்கள் ஒரு பழைய கலண்டரின் பின்பக்கத்தில் மாதம் மாதமாக எழுதி, பிள்ளைக் காம்பராவில் ஒட்டி வைத்திருக்கிறோம். வெரளிக்காய் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, அச்சாறுக்குப் பொறுக்குகிற கை விதைக்கும் பொறுக்கும். கித்துள் பழத்தில் மட்டும் கவனம் தேவை. அதன் சதை பட்டால் கை அரித்தே விடாது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஒரே மரத்தின் கீழ் எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். தூரத்தூரம் நிற்கும் பல தாய் மரங்களில் கொஞ்சம் கொஞ்சம் எடுங்கள், பறவைக்கும் மரநாய்க்கும் மிச்சம் விடுங்கள். வனத் திணைக்களத்தின் ஒதுக்கக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகவே கூடாது. விதை பொறுக்கப் போய் வழக்கில் மாட்டினால் நம்மை மீட்க யாரும் வரமாட்டார்கள். தோட்டத்து ஓடைக்கரையிலும் கோயில் பக்கத்திலும் நிற்கும் மரங்கள் இப்போதைக்குப் போதும்.

இரண்டாம் பாடம், புல். விதை முளைக்காததைவிட, முளைத்தபின் புல்லுக்கடியில் மூச்சுமுட்டிச் செத்ததுதான் எங்களுக்கு அதிகம். இப்போது விதைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கை நீளச் சுற்றளவுக்கு மானாப்புல்லை அடியோடு பிடுங்குகிறோம். மலை முழுவதும் சுரண்டுவதில்லை, சரிவில் அப்படிச் செய்தால் முதல் மழையிலேயே மேல் மண் கானுக்குள் போய்விடும். பிடுங்கிய புல்லை அங்கேயே மூடாக்காகப் போடுகிறோம். மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்ற இதே மானாப்புல்லைத் துரைமாரே நடச் சொன்னதில்லையா? எதிரியாக நின்ற புல் வெட்டிப் போட்டால் வேலைக்காரன். இலுக்கு உள்ள இடத்தில் வெட்ட வேண்டாம், வெட்டினால் இன்னும் வேகமாக வரும். ஒரு பலகையில் கயிறு கட்டி, ஏறி மிதித்துச் சாய்த்துவிட்டால் பல வாரம் எழும்பாது. அதற்குள் கன்று தலை தூக்கிவிடும்.

அலவாங்கால் சின்னக் குழி போட்டு, விதையின் தடிப்பைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழத்தில் வைத்து மூட வேண்டும். மேலே வைத்தால் எலிக்கும் காட்டுக்கோழிக்கும் விருந்து. ஆழம் போனால் முளை மேலே வராது. பெரிய விதையென்றால் ஒரு குழிக்கு இரண்டோ மூன்றோ போடுகிறோம். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு நுனியில் பழைய உரப்பைத் துணுக்கைக் கட்டுகிறோம். இந்தக் குச்சியை அற்பமாக நினைக்காதீர்கள். அது இல்லாத முதல் வருடம், புல்லு வெட்டப் போன எங்கள் ஆட்களே கன்றையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

நேரம் என்று பார்த்தால், எங்கள் பக்கம் வைகாசி மழை பிடித்ததும் போடலாம், ஐப்பசியிலும் போடலாம். பதுளைப் பக்கத் தோழர்கள் ஐப்பசி, கார்த்திகையைத்தான் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் அங்கே அடிக்கிற காற்றும் வெயிலும் முளையைக் கருக்கிவிடும், புல் எரிகிற காலமும் அதுதான். நுவரெலியாப் பக்கத்து மரங்கள் வேறு, கீன, தம்ப வகைகள். குளிரில் மெதுவாக வளரும். எங்கள் பட்டியலை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம்.

சின்ன விதை மரங்கள், முக்கியமாக அலப்பை சுற்ற இலை தரும் கெந்த மரம், பறவை எச்சத்தோடு தானாகவே வரும். அதற்கு நாம் செய்யக்கூடியது, பட்ட நிழல் மரங்களை விறகுக்கு முழுதாக வெட்டாமல் ஒன்றிரண்டை நிற்கவிடுவதுதான். பறவை உட்கார இடம் வேண்டும். தாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழகத்தார் 1994 முதல் இந்த வழியில் வேலை செய்து வருகிறார்கள். சீக்கிரம் நிழல் தந்து, பறவையை அழைக்கிற நாட்டு மரங்களை முதலில் கொண்டுவந்து, மற்றதைக் காட்டின் கையில் விடுவது.

பெரிய மழைக்காட்டு மரங்களுக்கு இளமையில் கொஞ்சம் நிழல் வேண்டும், முழு இருட்டும் கூடாது. சிங்கராஜாவின் ஓரத்துப் பைனஸ் தோட்டத்தில் பேராதனையின் சாவித்திரி குணதிலக்க, நிமல் குணதிலக்க இருவரும் அமெரிக்கப் பேராசிரியர் மார்க் ஆஷ்டனோடு சேர்ந்து இதைச் செய்து காட்டினார்கள். பைனஸ் வரிசைகளில் சிலதை வெட்டி வெளிச்சம் திறந்து, ஹொர, நாகமரம் போன்றவற்றை இடையில் நட்டார்கள். மூன்று வரிசை திறந்த இடத்தில் நன்றாக வளர்ந்தன. அது கன்று நட்ட சோதனை, விதைப்பு அல்ல. ஆனாலும் நமக்குப் பாடம் உண்டு. ஆள் உயரம் போன பழைய தேயிலையை ஒரேயடியாகப் பிடுங்கி எறியாமல், இடையிடையே திறந்து, அதன் அரை நிழலில் விதைக்கலாம். எங்கள் துண்டில் மிச்சம் நின்ற கன்றுகளில் அனேகம் பழைய தேயிலைக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன.

பலா நாட்டு மரமா இல்லையா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் சண்டை நடந்தது. லயத்துக்குக் கிட்டிய ஓரத்தில் பலா வைப்போம், ஊற்றுக்கண்ணுக்கு மேலே காட்டு மரம் வைப்போம் என்று முடித்தோம். பசிக்கிற ஊரில் தின்னக் காய் தராத மரத்தை மட்டும் வையென்றால் யார் காவல் நிற்பார்கள்?

இப்போது பேர் விஷயம். நேரடி விதைப்பு மலிவு என்று கேட்டதும் நிர்வாகங்களுக்குப் பிடித்துவிடும். எங்கே மலிவு என்று நாம் விளக்க வேண்டும். பையும் லொறியும் மிச்சம். கை வேலை மிச்சம் இல்லை, அது இடம் மாறுகிறது. பொறுக்குவது, கழுவுவது, குழி போடுவது எல்லாம் ஒரு பங்கு. முதல் இரண்டு வருடமும் மழைக்காலத்தில் திரும்பத் திரும்பப் போய்க் குச்சிகளைத் தேடிப் புல்லைப் பிடுங்குவதுதான் பெரும் பங்கு. விதை போட்ட நாளுக்கு மட்டும் ஆள் எடுத்துவிட்டு மற்றதைச் சிரமதானமாக்கினால் காடும் வராது, நம் உழைப்பும் போய்விடும். தோட்டத்துக்குத் தரச் சான்றிதழ் கேட்டு அதிகாரிகள் வரும்போது காட்டுவதற்கு இந்த மரங்கள் பயன்படும். அப்படியென்றால் அது தோட்ட வேலை.

பிரேசிலில் மாத்து குரோசோ மாநிலத்தில் ஷிங்கு விதை வலையமைப்பு என்று ஒன்று 2007 முதல் நடக்கிறது. பழங்குடிக் கிராமத்தாரும் சிறு விவசாயிகளும் நாட்டு மர விதை பொறுக்கி விற்கிறார்கள். இக்பெங் இனப் பெண்களின் குழு ஒன்று தங்களுக்கு யாரங் என்று பெயர் வைத்திருக்கிறது. இலைவெட்டி எறும்பு என்று அர்த்தமாம். சுத்தம் செய்த விதைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று காசு. நிலச் சொந்தக்காரர்கள் அந்த விதைகளைத் துவரை போன்ற பயறுகளோடு கலந்து மண்ணில் விதைக்கிறார்கள். பயறு முதலில் எழுந்து புல்லை அமுக்கும், அதன் நிழலில் மரம் வரும். அவர்கள் நிலம் பெரும்பாலும் சமவெளி, எந்திரம் ஓடும். நம் சரிவில் ஓடாது. எங்களுக்குப் பிடித்தது காசு விஷயம்தான். விதை அறிவுக்கு விலை உண்டு என்று அங்கே எழுத்தில் இருக்கிறது.

ஆகவே எங்கள் கமிட்டி நிர்வாகத்துக்குக் கொடுத்த கடிதத்தில் இவற்றைக் கேட்டிருக்கிறோம். விதைப்பு நாளுக்கும் களை எடுக்கும் நாட்களுக்கும் செக்ரோலில் முழுப் பேர். விதை பொறுக்குவதற்குப் பேரோ, கிலோக் காசோ, இரண்டில் ஒன்றை முதலே பேசி எழுதுவது. வேலைக்கு முதல் நாள் குளவிக் கூடு பார்க்க ஆள் அனுப்புவது, கூடு உள்ள பக்கம் யாரையும் இறக்காதது. மலையில் நெருப்புத் தடுக்கப் பங்குனிக்கு முன் ஓரப்பாதை வெட்டுவது, அதற்கும் பேர். அந்த மலையைப் பிறகு டர்பன்டைனுக்கோ வேறு எதற்கோ வெட்டிக் கொடுக்கமாட்டோம் என்ற எழுத்து. கடைசிக் கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை. மற்றவற்றுக்குப் பேசலாம் என்றார்கள். மாவட்டக் காரியாலயம் இந்தக் கடிதத்தை எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவான கோரிக்கையாக எடுக்க வேண்டும் என்று இங்கே பிரேரிக்கிறோம்.

மண்சரிவு பற்றி ஒரு வார்த்தை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் நம் மக்களின் லயங்கள் மண்ணுக்கடியில் போனதை நாம் மறக்கவில்லை. மரம் வைத்தால் மலை சரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேர் மேல் மண்ணைப் பிடிக்கும். ஆழத்திலிருந்து நழுவும் மலையை எந்த வேரும் பிடிக்காது. கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஓர் இடத்தை ஆபத்து என்றால் அங்கிருந்து குடும்பங்களை வேறு பாதுகாப்பான காணிக்கு மாற்றச் சொல்லித்தான் போராட வேண்டும். மரநடுகையைக் காட்டி அந்தக் கோரிக்கையைத் தள்ளிப்போட விடக்கூடாது.

எங்கள் துண்டில் இப்போது இடுப்பளவு நிற்பவை கொஞ்சம்தான். வெரளியும் நாவலும் முந்தியிருக்கின்றன, நாகமரம் அதன் பாட்டில் சிவந்த தளிரோடு முழங்கால் அளவில் நிற்கிறது. எண்ணிக்கையை ஒவ்வொரு ஆறு மாதமும் கொப்பியில் எழுதுகிறோம், செத்ததையும் சேர்த்து. யாரும் வந்து பார்க்கலாம். அட்டை கடிக்கும், உப்புக் கொண்டு வாருங்கள்.

வாசல் மேசையில் ஈரச் சாக்கில் நாவல் விதை கொண்டுவந்து வைத்திருக்கிறோம். முந்தாநாள் பொறுக்கி நேற்றுக் கழுவியது. வருகிற ஞாயிற்றுக்குள் மண்ணில் போட முடிந்தவர்கள் மட்டும் எடுத்துப் போங்கள். எடுக்கிறவர்கள் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் கொப்பியில் எழுதிவிடுங்கள்.